தீவு மக்களின் மண்ணில் பிறந்த மறைப்பணியாளர்களைத் தாங்குவோம்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தின் இறுதி ஞாயிறுக்கு முந்திய ஞாயிறன்று உலக மறைபரப்பு ஞாயிறைக் கொண்டாடுகிறோம். திருத்தந்தை 11ஆம் பயஸ் 1926ஆம் ஆண்டு இந்நாளை ஏற்படுத்தினார். அன்று காணிக்கை போடும்போது நம் மனக்கண்ணில் தோன்றுகிறவர் யார்? பெரும்பாலும், கப்பலேறித் தொலைதூரம் சென்ற ஒரு வெளிநாட்டுக் குருதான். புனித சவேரியாரையும் புனித அருளானந்தரையும் பெற்ற நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால், அந்தக் குரு சென்று இறங்கிய ஊரிலேயே பிறந்து, அந்த மக்களின் மொழியையே தாய்மொழியாகப் பேசி, அவர் திரும்பிச் சென்ற பின்னும் அங்கேயே நின்று விசுவாசத்தைக் காத்த ஒருவர் எப்போதும் இருந்திருக்கிறார். அவரை நாம் அதிகம் நினைப்பதில்லை.

யோவானின் மூன்றாம் திருமுகம் விவிலியத்தின் மிகச் சிறிய நூல்களில் ஒன்று. அதில் காயு என்னும் ஒருவரை மூப்பர் பாராட்டுகிறார். அவர் ஊர் ஊராகச் சென்று போதித்தவர் அல்லர். இயேசுவின் பெயருக்காகப் புறப்பட்ட சகோதரரை வரவேற்று, வழிச்செலவுக்கு உதவி அனுப்பி வைத்தவர். இவ்வாறு உதவுகிறவர்களும் உண்மைக்காக உழைக்கும் உடன் உழைப்பாளர்களே என்று அத்திருமுகம் கற்பிக்கிறது (3 யோவா 5-8). மறைபரப்புப் பணியில் அனுப்பப்படுகிறவர், தாங்குகிறவர் என்று இரு பிரிவினர் இருக்கலாம்; பணி ஒன்றுதான்.

அப்படியானால் நாம் யாரை, எப்படித் தாங்க வேண்டும்? பசிபிக் பெருங்கடலில் உள்ள ஒரு தீவின் வரலாற்றைக் கொண்டு இதைச் சிந்தித்துப் பார்ப்போம்.

நியூ பிரிட்டன் தீவில் விழுந்த விதை

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள பாப்புவா நியூ கினி நாட்டின் பெரிய தீவுகளில் ஒன்று நியூ பிரிட்டன். அதன் வடகிழக்கு முனையில் ரபவுல் என்னும் துறைமுகமும், அதைச் சுற்றி டோலாய் இன மக்களின் ஊர்களும் உள்ளன. எரிமலைகளின் அடிவாரத்தில் கிழங்கும் வாழையும் பயிரிட்டு, மீன் பிடித்து, தென்னையையும் பின்னாளில் கொக்கோவையும் நம்பி வாழ்ந்து வரும் மக்கள் இவர்கள். 1937ஆம் ஆண்டும் 1994ஆம் ஆண்டும் எரிமலை வெடித்து ரபவுல் நகரைச் சாம்பலால் மூடியது. 1994ஆம் ஆண்டின் அழிவுக்குப் பிறகு மாநிலத் தலைநகரையே கொக்கோபோ என்னும் ஊருக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இயேசுவின் திரு இருதய மறைப்பணியாளர் சபையினர் 1882ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் இப்பகுதியில் உள்ள மாத்துப்பித் என்னும் இடத்தில் வந்து இறங்கினர். மலேரியாவும் தனிமையும் பலரை வாட்டின. ஆனாலும் ஊர்த் தலைவர்கள் சிலர் நற்செய்தியை ஏற்றுக்கொண்டனர். அவர்களுள் ஒருவர் ரக்குனாய் ஊரின் தலைவர் ஆஞ்செலோ டோ புய்யா. அவருக்கும் அவர் மனைவி மரியா இயா துமுலுக்கும் 1912ஆம் ஆண்டு பிறந்தவர்தான் பீட்டர் டோ ரோட்.

சிறுவனின் பக்தியையும் அறிவையும் கண்ட பங்குக் குரு, அவனைக் குருத்துவப் படிப்புக்கு அனுப்பலாம் என்று தந்தையிடம் கூறினார். அதற்கான காலம் இன்னும் வரவில்லை என்று கருதிய தந்தை, மகன் வேதியராகட்டும் என்றார். நம் ஊர்களில் உபதேசியார் என்றும், தென்பகுதிகளில் கோயில்பிள்ளை என்றும் நாம் அழைத்து வந்தவரின் பணி அது. 1930ஆம் ஆண்டு தலிலிகாப் என்னும் இடத்தில் இருந்த புனித பவுல் வேதியர் பள்ளியில் பீட்டர் சேர்ந்தார். பயிற்சி முடிந்து தம் சொந்த ஊரான ரக்குனாய்க்கே வேதியராகத் திரும்பினார். 1936ஆம் ஆண்டு பவுலா இயா வர்பித் என்பவரை மணந்தார். மூன்று குழந்தைகளுக்குத் தந்தையானார். தோட்ட வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டே சிறுவருக்கு மறைக்கல்வி கற்பித்தார், நோயாளிகளைச் சந்தித்தார், செப வழிபாடுகளை நடத்தினார்.

இதுவரை சொன்னவற்றில் வியப்புக்குரியது எதுவும் இல்லை. இப்படிப்பட்ட வேதியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஒருவருடைய பயிற்சி எவ்வளவு ஆழமானது என்பது சோதனை வரும்போதுதான் தெரிகிறது.

குருக்கள் இல்லாத ஆண்டுகள்

1942ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள் சப்பானியப் படை ரபவுலைக் கைப்பற்றியது. வெளிநாட்டு மறைப்பணியாளர்கள் சிறைக்காவலில் வைக்கப்பட்டார்கள். ரக்குனாய் பங்குக் குரு கொண்டு செல்லப்படும் முன், தம் மக்களை பீட்டரின் பொறுப்பில் விட்டுச் சென்றார். அப்போது பீட்டருக்கு வயது முப்பது.

அந்நாள் முதல் ஞாயிறு செப வழிபாட்டை நடத்தியவர் அவரே. குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். திருமணங்களுக்குத் திருச்சபையின் சாட்சியாக நின்றார். இறப்பவர்களின் அருகில் அமர்ந்து செபித்தார். கோயில் அழிக்கப்பட்டபோது காட்டுக் கிளைகளைக் கொண்டு ஊருக்கு வெளியே ஒரு சிற்றாலயம் கட்டினார். திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளை ஒழுங்காக எழுதிப் பாதுகாத்தார். போர்க்காலத்தில் பதிவேட்டை யார் நினைப்பார் என்று நமக்குத் தோன்றலாம். ஆனால், இந்தச் சமூகம் தொடரும், குருக்கள் மீண்டும் வருவார்கள் என்று நம்புகிறவர்தான் பதிவேடு எழுதுவார்.

போரில் பின்னடைவு ஏற்படத் தொடங்கியதும் ஆட்சியாளர்களின் கெடுபிடி மிகுந்தது. செபக் கூட்டங்கள் தடை செய்யப்பட்டன. பீட்டர் மக்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து மறைவிடங்களில் கூட்டினார். ஊர்த் தலைவர்களைத் தம் பக்கம் இழுக்கும் நோக்குடன் பழைய பலதார மண வழக்கத்தை ஆட்சியாளர்கள் மீண்டும் அனுமதித்தபோது, அவர் வெளிப்படையாக எதிர்த்தார். கிறிஸ்தவ மண வாழ்வில் கணவனுக்கு ஒரே மனைவி என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இதனால் அவருக்கு உள்ளூரிலேயே பகைவர்கள் உருவானார்கள். 1945ஆம் ஆண்டு கைது செய்யப்பட்டு, சூலை மாதத்தில் முகாமில் நச்சு ஊசி போடப்பட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களில் போர் முடிந்தது.

திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் போர்ட் மோர்ஸ்பி நகரில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். திருத்தந்தை 14ஆம் லியோ 2025ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் அவரைப் புனிதராக உயர்த்தினார். பாப்புவா நியூ கினியின் முதல் புனிதர் அவரே. அந்த நாள் உலக மறைபரப்பு ஞாயிறாக அமைந்தது. கடல் கடந்து எங்கும் போதிக்கச் செல்லாத, தம் ஊரிலேயே வாழ்ந்து இறந்த ஒரு குடும்பத் தலைவரை அந்த ஞாயிறன்று திருச்சபை பீடத்தில் ஏற்றியது. நம் பழைய எண்ணத்தைத் திருத்திக்கொள்ள இது ஒன்றே போதும்.

காவலில் இருந்தவர்களுக்கு உணவு சுமந்த சகோதரிகள்

அதே தீவில், அதே போர்க்காலத்தில் நடந்த மற்றொரு நிகழ்வும் நினைவில் கொள்ளத்தக்கது. ஆயர் லூயி கூப்பே 1912ஆம் ஆண்டு வுனபோப்பே என்னும் இடத்தில் உள்ளூர்ப் பெண்களுக்கென்று அமலோற்பவ மரியின் புதல்வியர் என்னும் துறவற சபையைத் தொடங்கினார். போர் வந்தபோது இச்சபையில் சுமார் 45 சகோதரிகள் இருந்தனர். ஆயரும், வெளிநாட்டுக் குருக்களும், துறவியரும் முதலில் வுனபோப்பேயிலும், பின்னர் ராமாலே பள்ளத்தாக்கிலும் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். உள்ளூர்ச் சகோதரிகள் தோட்டம் போட்டு, கிழங்கும் கீரையும் விளைவித்து, முதுகில் சுமந்து சென்று அவர்களுக்குக் கொடுத்தார்கள். 1945ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் விடுதலை கிடைக்கும்வரை நூற்றுக்கணக்கானோரின் உயிரைத் தாங்கிய உதவி அது.

ஏழைத் தீவு மக்களுக்கு நாம் உதவுகிறோம் என்று பேசும்போது இதை மறக்கலாகாது. உதவி எப்போதும் ஒரு பக்கத்திலிருந்தே செல்வதில்லை. கற்பிக்கப்பட்டவர்கள் கற்பித்தவர்களுக்கு உணவூட்டிய காலமும் உண்டு. கொடுக்கிறவர் உயர்ந்தவர், பெறுகிறவர் தாழ்ந்தவர் என்ற எண்ணத்துக்கு மறைபரப்பில் இடமே இல்லை.

நமக்கு அருகில் உள்ள தீவில்

1995ஆம் ஆண்டில் திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் மேற்கொண்ட அதே பயணம் இலங்கையில் நிறைவுற்றது. ஜனவரி 21ஆம் நாள் கொழும்பில் அவர் யோசேப்பு வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கினார். இந்த வரலாறு தமிழ் பேசும் நமக்கு நெருக்கமானது. 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமான பிறகு கத்தோலிக்கக் குருக்களுக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. கோவாவில் பிறந்த வாஸ் அடிகளார் 1687ஆம் ஆண்டு கூலியாளின் கோலத்தில் அங்கு சென்று சேர்ந்தபோது, ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகக் குருவே இல்லாமல் செபமாலையைப் பற்றிக்கொண்டு நின்ற குடும்பங்களைக் கண்டார். சில்லாலை போன்ற ஊர்களில் அவருக்குத் தங்க இடமும் உணவும் பாதுகாப்பும் கொடுத்தவர்கள் அந்த ஏழை மக்களே. கோவாவில் இருந்த அவருடைய ஒரட்டோரியன் குழுவினர் பின்னர் ஒருவர் பின் ஒருவராகத் துணைக் குருக்களை அனுப்பினர். உள்ளூர்ப் பொதுநிலையினர், இந்தியக் குருக்கள், அவர்களை அனுப்பித் தாங்கிய இல்லம் ஆகிய மூன்றும் சேர்ந்ததால்தான் அந்தத் தீவின் திருச்சபை பிழைத்தது.

திருச்சபையின் படிப்பினை

மண்ணின் மைந்தர்களை உருவாக்காத மறைபரப்பு நிலைக்காது என்பதைத் திருச்சபை அனுபவத்தில் கற்றது. 1889ஆம் ஆண்டில், நாகசாகி ஆயர் கூசென் தம் குருமடத்தில் சேர விரும்பும் சப்பானிய இளைஞர்களைப் பணமில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டியுள்ளதே என்று பிரான்சு நாட்டில் இருந்த ஸ்தேபனி பிகார்ட், ஜான் பிகார்ட் என்னும் தாய்க்கும் மகளுக்கும் தெரிவித்தார். அதிலிருந்து பிறந்ததே திருத்தூதர் பேதுரு பணி. இன்றும் மறைபரப்பு நாடுகளின் குரு மாணவர்களைத் தாங்கும் பாப்பிறை அமைப்பு இதுவே.

1893ஆம் ஆண்டு திருத்தந்தை 13ஆம் லியோ இந்தியக் குருக்களை உருவாக்கக் கண்டியில் குருமடம் தொடங்கச் செய்தார். 1955ஆம் ஆண்டு புனே நகருக்கு மாற்றப்பட்ட இந்தப் பாப்பிறைக் குருமடத்தில் தமிழகத்தின் குருக்கள் பலர் பயின்றனர். இன்று நம்மிடையே குருக்கள் இருப்பதற்கு, நம்மைப் பார்த்திராத யாரோ கொடுத்த காணிக்கையும் ஒரு காரணம்.

1919ஆம் ஆண்டு திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் வெளியிட்ட மாக்சிமும் இல்லூத் திருமடல், உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதை மறைப்பணித் தலைவர்களின் முதன்மைக் கடமைகளுள் வைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் நற்செய்திப் பணி ஏட்டில் (எண் 17) வேதியர்களின் உழைப்பைப் பாராட்டியதோடு, முழுநேரம் உழைக்கும் வேதியருக்குத் தகுந்த ஊதியமும் வாழ்க்கைப் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும் என்றும் கூறியது. 2021ஆம் ஆண்டு மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியைத் திருச்சபையின் நிலையான பணிகளுள் ஒன்றாக ஏற்படுத்தினார்.

படிப்பினை தெளிவாக இருக்கிறது. நடைமுறை எவ்வளவு கடினமானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பாப்புவா பகுதியின் முதல் உள்ளூர்க் குரு லூயி வங்கேக்கே. அவர் குருத்துவப் பயிற்சிக்காக 1928ஆம் ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில் உள்ள மடகாஸ்கர் தீவுக்கு அனுப்பப்பட்டார். 1937ஆம் ஆண்டு அங்கேதான் குருவானார். 1970ஆம் ஆண்டு ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். ஒரே ஓர் இளைஞரை உருவாக்க எத்தனை ஆண்டுகள், எத்தனை கடல், எத்தனை பேருடைய காணிக்கை! 2016ஆம் ஆண்டு அந்நாட்டின் முதல் கர்தினாலாக உயர்ந்த ஜான் ரிபாத், டோ ரோட் பிறந்த அதே நியூ பிரிட்டன் தீவைச் சேர்ந்தவர். விதைத்தவர்கள் அந்த நாளைக் காணவில்லை. ஆனால் விளைச்சல் வந்தது.

இன்றைய தேவை

பாப்புவா நியூ கினியில் எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. மக்களில் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்கின்றனர். பல ஊர்களுக்குச் சாலை இல்லை. படகில் அல்லது கால்நடையாகத்தான் செல்ல வேண்டும். படகுக்கு எரிபொருள் வேண்டும். அதன் விலையோ கிழங்கு விற்று வாழும் மக்களுக்கு எட்டாதது. குரு ஆண்டில் சில முறை மட்டுமே வந்து போகும் கிளைப்பங்குகளில் ஞாயிறு வழிபாட்டை நடத்துகிறவரும், இறந்தவரை அடக்கம் செய்கிறவரும் வேதியரே. நாட்டின் மருத்துவச் சேவையில் ஏறக்குறைய பாதியைக் கிறிஸ்தவ சபைகளே வழங்குகின்றன. ஆகவே அங்கே மறைப்பணி என்பது மருந்து, பள்ளிக்கூடம், குடிநீர் ஆகியவற்றையும் உள்ளடக்கியது.

நியூ பிரிட்டனுக்குக் கிழக்கே பூகன்வில் பகுதியைச் சேர்ந்த கார்ட்டரெட் தீவுகளில் நிலைமை இன்னும் வேதனைக்குரியது. கடல்நீர் புகுந்து சேப்பங்கிழங்கு விளையும் நிலம் உப்பாகிவிட்டது. தென்னைகள் கடலில் சாய்கின்றன. 2006ஆம் ஆண்டு தீவின் பெரியோர்கள் தாங்களே ஓர் அமைப்பை ஏற்படுத்தி, பூகன்வில் பெருந்தீவில் மறுவாழ்வு தேட முற்பட்டனர். அவர்கள் குடியேறக் கத்தோலிக்கத் திருச்சபை தின்புட்ஸ் என்னும் இடத்தில் தன் நிலத்தை வழங்கியது. திட்டத்தைத் தீட்டியவர்கள் தீவு மக்கள். திருச்சபை தன்னிடம் இருந்ததைக் கொடுத்துத் துணை நின்றது. உண்மையான ஆதரவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

எவ்வாறு தாங்குவது?

1. பயிற்சிக்கு உதவுவோம். கட்டடம் கட்டினால் நம் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். ஒரு வேதியரின் இரண்டாண்டுப் பயிற்சியில் பெயர் பொறிக்க இடமில்லை. ஆனால் ரக்குனாயில் கோயில் அழிந்தது. தலிலிகாப் பள்ளியில் ஒருவர் பெற்ற பயிற்சி அழியவில்லை. காணிக்கை கொடுப்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

2. குடும்பத்தை மறவாதிருப்போம். வேதியர் மனைவி மக்களோடு வாழ்கிறவர். அவர் மூன்று நாள் வெளியூரில் நடந்து திரும்பினால், மூன்று நாள் தோட்ட வேலை நின்றுவிடும். முழு ஊதியம் கொடுத்தால் அவர் கூலிக்குப் போதிக்கிறவர் என்ற பேச்சு எழும். ஒன்றுமே கொடுக்காவிட்டால் அவர் பிள்ளைகள் பசித்திருப்பார்கள். இந்தச் சிக்கலுக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. எனினும், பிள்ளைகளின் கல்வி, குடும்பத்தின் மருத்துவம், பயணச் செலவு ஆகிய மூன்றையும் சமூகம் ஏற்றுக்கொண்டால் இரு ஆபத்துகளையும் பெருமளவு தவிர்க்கலாம்.

3. தீர்மானிக்கும் உரிமையை அவர்களிடமே விடுவோம். எந்த ஊருக்குப் படகு, எந்த ஊருக்கு மருந்து என்பது உள்ளூர் ஆயருக்கும் வேதியர்களுக்கும் தெரியும். பணம் அனுப்பியவர் முடிவும் எடுத்தால் அது உதவியாகாது, ஆட்சியாகிவிடும்.

4. தொடர்ந்து கொடுப்போம். புயல் அடித்த வாரத்தில் பெருந்தொகை கொடுத்து அடுத்த ஆண்டு மறந்துவிடுவதைவிட, சிறு தொகையை ஆண்டுதோறும் கொடுப்பதே பணியை நிலைநிறுத்தும். லியோன் நகரில் பவுலின் ஜாரிக்கோ பத்துப் பத்துப் பேராகத் தொழிலாளர்களைச் சேர்த்து, வாரம் ஒரு செப்புக்காசு கேட்டார். 1822ஆம் ஆண்டு விசுவாசப் பரப்புப் பணி அந்தக் காசுகளில்தான் எழுந்தது. அவரைத் திருச்சபை 2022ஆம் ஆண்டு மே மாதம் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது.

5. பெயர் சொல்லிச் செபிப்போம். பொதுவாக மறைபரப்புக்காக என்று செபிப்பதோடு நில்லாமல், ஒரு மறைமாவட்டத்தை, ஒரு தீவைப் பெயர் சொல்லி விசுவாசிகள் மன்றாட்டில் சேர்ப்போம். பெயர் தெரிந்தால் அக்கறை பிறக்கும்.

நம் பங்குகளில்

திருச்சபைச் சட்டம் (எண் 791) ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஆண்டுதோறும் மறைபரப்பு நாள் கொண்டாடப்பட வேண்டும் என்றும், அதற்கான காணிக்கை திருப்பீடத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. பங்குச் செலவுக்கு நெருக்கடி இருக்கும்போது இக்காணிக்கையில் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளலாமே என்ற எண்ணம் எந்தப் பங்குக்கும் வரக்கூடும். அந்தத் தொகை நமக்குச் சிறியது. ஒரு தீவில் அது பல மாதப் படகுப் பயணம். அதை முழுமையாக அனுப்புவது நீதியின் கடமை.

மற்றொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தொலைதூரத் தீவின் வேதியருக்காக இரங்குகிற நாம், நம் ஊர் உபதேசியாரை எப்படி நடத்துகிறோம்? கோயில் மணி அடிப்பவர், திறவுகோல் வைத்திருப்பவர் என்ற அளவில் மட்டுமே அவரைப் பார்க்கிறோமா? குரு வராத நாளில் இறந்த வீட்டுக்கு முதலில் வந்து செபம் சொன்னவர் அவர்தானே? அவருடைய முதுமைக்கும் மருத்துவத்துக்கும் பங்குப் பேரவை என்ன ஏற்பாடு செய்திருக்கிறது? இக்கேள்விகளை அடுத்த பேரவைக் கூட்டத்தில் எழுப்புவதும் மறைபரப்புப் பணியே.

வெளியிலிருந்து வந்தவர் ஒருநாள் திரும்பிச் செல்ல நேரிடும். நோய், போர், சட்டம், முதுமை என ஏதோ ஒன்று அவரைக் கொண்டு சென்றுவிடும். அதன் பிறகும் அந்த ஊரில் ஞாயிறன்று மக்கள் கூடுவார்களா என்பது, அந்த மண்ணில் பிறந்த ஒருவரை நாம் முன்கூட்டியே தாங்கினோமா என்பதைப் பொறுத்தது.

அன்பு இறைமக்களே, வரும் மறைபரப்பு ஞாயிறன்று காணிக்கை உறையைக் கையில் எடுக்கும்போது, பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக் காத்த அந்த வேதியரையும், கிழங்குக் கூடையைச் சுமந்து பள்ளத்தாக்கில் இறங்கிய அந்தச் சகோதரிகளையும் நினைத்துக்கொள்வோம். அவர்களுடைய வழியில் இன்று நடப்பவர்களுக்கு உடன் உழைப்பாளர்களாய் இருக்கும் வரத்தை இறைவனிடம் மன்றாடுவோம். புனித பீட்டர் டோ ரோட், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.